காற்றின் மேல் பழி போடமாட்டேன்

விமானப் பயிற்சிப் பள்ளி விடுதி,
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

வெண்மதி எழுதுகிறேன். மோவாயில் போட்ட நான்கு தையலையும் நேற்றுப் பிரித்துவிட்டார்கள். சாப்பிட முடிகிறது, தூங்க முடிகிறது. இதற்கு மேல் நலம் என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்? போனில் பேசினால் அழுகிறாய், இல்லையென்றால் பெரியப்பா நடுவில் வாங்கிப் பேசுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. முழுக்கப் படி.

பெரியப்பா கடைசியாக என்ன சொன்னார் தெரியுமா? "பொட்டப்புள்ளைக்கு ஆகாசத்துல என்னா வேல? என்ஜின் வெடிச்சிருந்தா பொணங்கூடக் கெடச்சிருக்காது. மூட்டயக் கட்டிக்கிட்டு வூடு வந்து சேரு" என்றார். என்ஜின் வெடிக்கவில்லை என்று அவரிடம் சொல். அது கடைசி வரை ஒழுங்காகத்தான் ஓடியது.

இந்தச் சின்ன விமானங்கள் எதனால் விழுகின்றன என்று எங்களுக்குப் பாடமே இருக்கிறது. பழைய விபத்து அறிக்கைகளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். ஒற்றை என்ஜின், நாலு பேர் உட்காரும் விமானம், நம் ஊர் மினி பஸ்ஸைவிடச் சின்னது. வாசித்தால் உனக்குக் கோபம்தான் வரும். டேங்கைத் திறந்து பார்க்காமல் அளவு காட்டும் முள்ளை நம்பிக் கிளம்பி, பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலில் சில நாள் தண்ணீர் சேர்ந்திருக்கும். கிளம்பும் முன் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் அடியில் தங்கி நிற்பது தெரியும். பால் சொசைட்டியில் கேனுக்குக் கேன் நீ பால்மானியை விட்டுப் பார்க்கிறாயே, அதே வேலை. சோம்பல்பட்டு அதை விட்டவர்களும் உண்டு. இறங்கும்போது ஓடுதளத்தின் நேர் தப்பிவிட்டதே என்று, உயரமும் இல்லாமல் வேகமும் இல்லாமல் வெடுக்கென்று திருப்பினால், இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். அதில் போனவர்கள் நிறைய. மேகம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தும், இன்னும் பத்து நிமிஷம்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் வாசித்த பிறகுதான் எனக்குப் பயம் குறைந்தது, அம்மா. விதி என்றால் நான் என்ன செய்ய முடியும்? யாரோ பார்க்காமல் விட்டதுதான் காரணம் என்றால், நான் பார்த்துக்கொள்ளலாமே!

ஆனால் அன்றைக்கு நானும் ஒன்றைப் பார்க்காமல் விட்டேன். தனியாகப் பறக்கிற பாடம். வலப்பக்க இருக்கையில் ஆள் இல்லை, என் பையைத்தான் பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். பையின் பக்கவாட்டு ஜிப் விட்டுப்போயிருந்தது தெரியவில்லை. நன்றாகத்தான் இறங்கினேன். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. அது வழக்கம்தான், வலது பெடலை மிதித்தால் நேராகிவிடும். மிதித்தேன், போகவில்லை. இன்னும் அழுத்தினேன். கல்லை மிதித்த மாதிரி நின்றது. அதற்குள் ஓடுதளத்தை விட்டு இறங்கி, புல்லில் ஓடி, வாய்க்காலில் முன் சக்கரம் ஒடிந்து, மூக்கு குத்தி நின்றுவிட்டது. மூக்கிலிருக்கும் விசிறி வளைந்து போனது, என் மோவாய் கிழிந்தது.

மெக்கானிக் வந்து, ஆளே இல்லாத வலப்பக்கப் பெடலுக்குப் பின்னாலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். இரண்டு பக்கப் பெடல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. அங்கே மாட்டினால் இங்கே மிதிக்க முடியாது. பழம் காய்ந்து கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது, மேலே குங்குமம் வேறு. முனியப்பன் கோயில் பழத்தை எனக்கு அடையாளம் தெரியாதா?

எங்கள் பயிற்சியாளர் குரு சார் ஓசூர்க்காரர், நல்ல மனுஷர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காத்துன்னு எழுதிடும்மா. பக்கக்காத்து தள்ளுச்சு, புள்ளைக்குப் பழக்கம் பத்தலன்னு முடிச்சிடுவாங்க. எலுமிச்சம்பழம்னா சிரிப்பாங்க" என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். மாட்டேன் சார் என்றேன். அன்றைக்கு இலை கூட அசையவில்லை. இல்லாத காற்றின் மேல் நான் ஏன் பழி போட வேண்டும்? எலுமிச்சம்பழம் என்றே எழுதிக் கொடுத்தேன்.

சிரித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் என் தட்டில் எலுமிச்சை ஊறுகாயாக வைத்தார்கள். மறுநாள் எல்லார் பையையும் கொட்டிப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. இருபத்திரண்டு பைகளில் ஒன்பதில் ஏதாவது ஒன்று இருந்தது! என் அறைத்தோழி ஏஞ்சலின் பையில் ஜெபமாலை, இன்னொருத்தன் பையில் கைப்பிடி அளவு பித்தளைப் பிள்ளையார், ஒரு பொட்டலத்தில் கோயில் மண். பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. எல்லாம் அம்மாக்கள் வேலை. அதோடு சிரிப்பு நின்றது. நான் காற்று என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையாரும் ஒருநாள் பெடலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருப்பார்.

இப்போது பிரச்சினை வேறு. பழம் பையில் எப்படி வந்தது என்று விசாரணை அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன், நம்பவில்லை. கிளம்பும் முன் எல்லாவற்றையும் சோதித்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழம் இருப்பது தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டாள் என்று அவர் எழுதிவிட்டால், என் பயிற்சி அன்றோடு முடிந்தது. 24-ஆம் தேதி திங்கட்கிழமை முடிவு செய்கிறார்கள். பையைச் சரியாகப் பார்க்காதது என் தப்பு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். பொய்க்காரி என்ற பெயரை மட்டும் வாங்கமாட்டேன்.

போனில் கேட்டபோது, "நான் எதுக்குடி வெக்கிறேன்?" என்றாய். நீதான் வைத்தாய். உன் குரலிலேயே தெரிந்தது. வைத்தது நான், அவளுக்குத் தெரியாது என்று மூன்று வரி எழுதி அனுப்பு. நீ எழுதாவிட்டாலும் நான் வீட்டுக்கு வரப்போவதில்லை. இங்கே கதவைச் சாத்தினால் வேறு கதவைத் தட்டுவேன். ஆனால் நீ எழுத வேண்டும், அம்மா. நான் சொல்வது உண்மை என்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும்.

உன் மகள்,
வெண்மதி

•

பென்னாகரம்,
பிப்ரவரி 15

என் கண்ணு வெண்மதிக்கு,

அம்மா பானுமதி எழுதிக்கொண்டது. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பால் ஊற்ற வந்தவர்களெல்லாம் போன பிறகு சொசைட்டியிலேயே உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். தையல் பிரித்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்.

ஆமாம்டி, நான்தான் வைத்தேன். பொங்கலுக்கு வந்துவிட்டு நீ கிளம்பிய அன்று, குளிக்கப் போயிருந்தாய். அந்த நேரத்தில் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து உள்ளே தள்ளினேன். சொன்னால் எடுத்து வெளியே வைத்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அது உருண்டு போய் என் பிள்ளையின் காலைக் கட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஏன் இல்லை என்று பொய் சொன்னேன் என்று கேட்பாய். எழுதிக் கொடுத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று உன் பெரியப்பா மிரட்டினார். கோயில் பழத்தைக் குற்றம் சொன்னால் சாமி குத்தம் என்று பூசாரி வெங்கடாசலம் சொன்னார். அவர்களுக்குப் பயந்து நான் பொய் சொல்லவில்லை. உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், வெண்மதி. உன் கட்டிலுக்குப் புதுப் போர்வை கூட எடுத்துப் போட்டேன். பிள்ளை தோற்றுவிட்டு வருவாள் என்று சந்தோஷப்படுகிறவள் ஒரு தாயா? சீ, என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

இன்று காலை பால் ஊற்றுகிற நேரத்தில், பன்னிரண்டு பேர் நிற்கும்போது, உன் பெரியப்பா வந்தார். நான் எழுதப் போவது எப்படியோ தெரிந்துவிட்டது. "எலுமிச்சம்பழத்துல ஏரோப்ளேன கவுத்தவன்னு ஊரே சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டுங்க மாமா. சிரிப்புக்குப் பயந்துக்கிட்டு எம் பொண்ணு பொய் எழுதல, நான் மட்டும் எழுதுவனா?" என்றேன். ஊர்ப் பொம்பளைங்க மாதிரி அடங்கி இரு என்றார். உங்கள் கேனில் இன்றைக்கும் தண்ணீர் இருக்கிறது என்று பால்மானியைத் தூக்கிக் காட்டினேன். பன்னிரண்டு பேரும் அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

பூசாரியிடமும் போனேன். "சாமி பழத்தக் குடுத்துச்சுங்க, பையில ஒளிச்சு வெக்கச் சொல்லல. ஒளிச்சது நானு. குத்தம் வந்தா எம் மேலயே வரட்டும்" என்றேன். அவர் விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினார். நல்லதற்குத்தான் பூசினார் என்று எடுத்துக்கொண்டேன்.

வாக்குமூலத்தைத் தமிழில் நான் எழுதினேன். சகாயமேரி டீச்சர் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். உடைந்த விமானத்துக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அது நியாயம். டீச்சர் கடைசியில், ஏழை வீட்டுப் பிள்ளை, கருணை காட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அடியுங்கள் டீச்சர் என்றேன். உண்மையைச் சொன்ன பிள்ளைக்காக நான் எதற்குக் கெஞ்ச வேண்டும்? உன் அப்பா பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், அர்ச்சுனன் என்று முழுப் பெயரையும் எழுதி.

இதே உறையில் வைத்திருக்கிறேன். விரைவு அஞ்சலில் போடுகிறேன், 24-க்கு முன்னால் வந்துவிடும். தபாலை நம்பமாட்டோம் என்று அந்த அதிகாரி சொன்னால் எனக்குப் போன் போடு. தருமபுரியில் ரயிலேறி அந்த வடநாட்டுக்கு நானே வந்து நிற்கிறேன். எனக்கு இந்தி தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எப்படி வைத்தேன் என்று பையைத் திறந்து கை காட்டிச் சொல்லிவிடுகிறேன். அப்படியும் அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால், நீ சொன்ன அந்த வேறு கதவைத் தட்டு. இங்கே வந்து படுத்துக்கொள்ளாதே. போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அது எங்கே போகும்? இனிமேல் உன் பையில் எதையும் ஒளிக்கமாட்டேன். பயமாயிருக்கிறது என்று உன்னிடமே சொல்லிவிடுவேன், நீ திட்டு. டேங்கைத் திறந்து பார். பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா பார். மேகம் கண்டால் திரும்பி வா. போய்ச் சேர வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை.

நீ உயர உயரப் பறக்க வேண்டும் என்று வாழ்த்த நாலு பேர் வருவார்கள். நான் பெற்றவள், எனக்கு அது போதாது. எத்தனை தடவை ஏறுகிறாயோ, அத்தனை தடவையும் இறங்கிவிடு சாமி.

உன் அம்மா,
பானுமதி