மலாயாவுக்கு ஏலம் விட்ட சேவல்

பாறசாலை
1954 ஜூன்

மலாயாவுக்குக் கப்பலேறப் போற வாத்தியாரண்ணனுக்கு,

நேத்து வேதக்கோவில்ல ஆராதனை முடிஞ்சதும் உன் பயணச் செலவுக்கு ஏலம் விட்டாவ. செல்லபாய் மாமி குடுத்த சேவலைக் கோவில் கமிட்டித் தங்கப்பன் மாமா ஏலத்துல எடுத்தாரு, இன்னொருக்க ஏலம் விடத் திருப்பிக் குடுத்தாரு, மறுபடியும் அவரே எடுத்தாரு. மலாயாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லாம போயிரக்கூடாதாம். சொல்லும்போ கண்ணீரு வேற.

நம்ம ஊரு தமிழ்நாட்டோட சேரணும்னு ஊர்வலத்துல கொடி பிடிச்சவரும் அவருதான். போன வாரம் தன் மோனை மலையாளக் கிளாசுல கொண்டு இருத்தினதும் அவருதான். ஏன் மாமான்னு கேட்டேன்.

"தமிழ் படிச்சா இங்க எந்த ஆப்பீசுல மக்கா வேலை கிட்டும்?"

நல்ல ஆளுவ!

நீ விட்டுட்டுப் போன கிளாசுக்கு வேற வாத்தியாரு வரல்ல. இந்த மாசத்துக்குள்ள ஆளு வரலைன்னா தமிழ்க் கிளாசை மூடிருவேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லியாச்சு. இதுக்கும் ஒரு சேவலு ஏலம் விடுங்கன்னு கமிட்டிக்காரங்ககிட்ட சொன்னேன். சிரிச்சாவ.

இன்னைக்கு நானே போய் உன் நாற்காலியில இருந்தேன். எட்டாங்கிளாசுல படிப்பை விட்டவளாக்கும் டீச்சருன்னு பிள்ளையளும் சிரிச்சுதுவ. ஆனா மத்தியானம் வரைக்கும் ஒண்ணுகூட எழும்பிப் போகல்ல. பரீட்சை ஜெயிச்ச ஆளாக்கும் வேணும்னு ஹெட்மாஸ்டர் சத்தம் போட்டாரு. அந்த ஆளு நாகர்கோவில்ல தையக்கடையில கோட்டுக்கு அளவு குடுத்திட்டு நிக்குதுன்னு சொன்னேன்.

நீ போ. உன்னை ஆரு தடுத்தா? நாளைக்கும் நான் போவேன். ஏழாங்கிளாசுப் பாடம் வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல பிள்ளையள் கேட்டா, வாத்தியாரு தமிழ் படிப்பிக்கக் கப்பலேறிட்டாருன்னு சொல்லிருதேன்.

உன் பெட்டியை இன்னும் அடுக்காத
தங்கச்சி