போலந்து நோ

ஜாஸ்லின் அப்பாவுக்கு,

ஹார்பரில் இறங்கி வரும்போதெல்லாம் எங்களுக்கு வார்த்தைகள் கொண்டுவருவீர்கள். ஆங்கிலத்தில் 'நோ' மறுப்பு. 'ஒருக்காலும் இல்லை' என்ற பழஞ்சொல்லில் பிறந்தது. அதே இரண்டு ஆங்கில எழுத்து போர்ச்சுக்கீசில் இரு சொற்கள் ஒட்டி 'அதற்குள்' என்றாகும். போலந்துக்காரர் பேச்சில் 'ஆமா'.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் என் டீச்சர் வேலையை விடச் சொன்னீர்கள். 'நோ' என்றேன்.

"போலந்துல நோன்னா ஆமா தாம்ளா" என்று சிரித்துக்கொண்டே என் வலக்கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினீர்கள். மூன்று விரல் எலும்பு நொறுங்கிவிட்டது. மறுநாளே கப்பலேறிவிட்டீர்கள்.

நான் சொல்லச் சொல்ல ஜாஸ்லின் எழுதுகிறாள். பாதியில் நிறுத்தி, "கதவு காத்துல அடைச்சிட்டுன்னு எழுதட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

'நோ' என்றேன்.

இரண்டு பிரதி எழுதியிருக்கிறாள். மற்றது மகளிர் காவல் நிலையத்துக்கு.

இப்படிக்கு,
இடக்கைப் பெருவிரல் ரேகை