யார் வீடென்று கேளாத தூதர்

முத்தும் உப்பும் விளையும் முத்தங்கரை நாட்டைக் குடைநிழலில் காத்தருளும் அரசியார் நீலாம்பல் தேவியாரின் திருமுன்பு, கருங்குன்ற நாட்டு வேந்தர் மாவளத்தார் தலைகுனிந்து சொல்ல, அமைச்சர் வெண்கூத்தர் கைப்பட எழுதிய ஓலை. தங்கள் கடலில் மீனும் தங்கள் குடிகளின் அடுப்பில் நெருப்பும் என்றும் குறையாதிருக்க.

தங்கள் தலைநகரில் நிலைத்திருக்க எம் வேந்தர் அனுப்பிய தூதர் நல்லழிசியார், தமக்கென மாளிகை எழும்பும்வரை ஒதுங்க இடம் தேடி, மழைக்காலத் தொடக்கத்தில் மனைவி மக்களோடு வந்திறங்கினார். கடற்கரைத் தெருவில் ஒரு வீடு அவருக்குத் திறந்துவிடப்பட்டது. மெழுகிய தரை, நிறைந்த குடம், அடுப்பில் தணல். இது யார் வீடு என்று அவர் கேட்கவில்லை. எம் நாட்டில், தங்க இடம் தந்தபின் அவ்வீட்டைப் பற்றி வினவுவது, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும். தம் நாகரிகத்தைத் தாமே மெச்சிக்கொண்டு கேளாதிருந்தார் அந்த மனிதர்.

தங்கள் வழக்கமோ வேறு. வந்தவருக்கு வீட்டை ஒழித்துக் கொடுத்து வீட்டார் கொல்லையிலுள்ள வலைக்கொட்டகைக்குப் போய்விடுவர் என்பதும், யார் வீடென்று விருந்தினர் தம் வாயால் கேட்ட பின்னரே திரும்பிவந்து அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வர் என்பதும், கேட்குமுன் சொல்வது விருந்தை விரட்டுவதாகும் என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

கொட்டகையில் ஒரு கைக்குழந்தை ஓயாமல் அழுதது. தூக்கம் கெட்ட தூதர், நாதியற்றவர் எவரோ கொல்லையில் புகுந்திருப்பதாகவும் அவர்களை அகற்ற வேண்டுமெனவும் எம் வேந்தருக்கு எழுதினார். வேந்தரும் அக்குறையோலைக்கு முன்பின் விசாரியாமல் இலச்சினையிட்டுத் தங்களுக்கு அனுப்பிவைத்தார். விருந்தினர் சொல்லைத் தட்டாத தாங்கள் காவலரை ஏவினீர்கள்.

கொட்டும் மழையில், அக்குழந்தையின் தாய் சேந்தி என்பவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். தூளிக்கயிற்றை எடுத்துக்கொள்ள உள்ளே வரலாமா என்று மட்டும் தூதரிடம் பணிந்து கேட்டாள். வந்தவள் இருண்ட உள்ளறையில் தடவாமல் தடுமாறாமல் நடந்து, அண்ணாந்தும் பாராமல், உத்தரத்து வளையத்தில் சுருட்டிக் கிடந்த கயிற்றை அவிழ்த்தாள். அப்போதுதான் நல்லழிசியார் கேட்டார்: "அம்மா, இது யார் வீடு?"

"இப்போதாவது கேட்டீர்களே, ஐயா. எங்கள் வீடுதான்" என்று சொல்லிவிட்டு, அவள் கயிற்றை அதே வளையத்தில் திரும்பக் கட்டினாள்.

அன்று அவள் வைத்த மீன்குழம்பில் சோற்றைப் பிசைந்தவர் வாய்க்குக் கொண்டுபோக மாட்டாமல் அழுதாராம். யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை, தம்மைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடி எழுதியிருக்கிறார். வேந்தர் மறுத்துவிட்டார். யார் வீடென்று கேட்ட விருந்தினர் இடையில் எழுந்து போவது வீட்டாருக்கு இழுக்கு என்பதை இம்முறை விசாரித்தே அறிந்தோம். ஆகவே மாளிகை முடியும்வரை அக்கூரையின்கீழ், அம்முகங்களைப் பார்த்தபடியே அவர் இருக்கக் கடவார். குழந்தை அழுதால் தூளியை ஆட்டவும் கடவார்.

அக்குறையோலையில் பதித்த இலச்சினை அச்சை எம் வேந்தர் உடைப்பித்துவிட்டார். அதனால் இவ்வோலையின் மண்முத்திரையில் அவர் பெருவிரல் மட்டுமே பதிந்துள்ளது. பொறுத்து ஏற்றருள்க.

இதைக் கொணர்பவருக்கும் தங்க இடம் வேண்டியிருக்கும். எந்த வாசலில் நின்றாலும், கால் கழுவுமுன்னே, இது யார் வீடு என்று அவர் கேட்கக் கடவார். இது எம் வேந்தர் ஆணை.