ஐந்துக்கு இரண்டு

மே 2, வெள்ளி

செமஸ்டர் முடிந்த முதல் நாள். பதினொரு மணிக்கு எழுந்தேன். "மகாராணி எழுந்தாச்சா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். ஆச்சு என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது என் வழக்கம்.

கிள்ளானில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்க வெயில்தான். காலேஜ் இல்லாத வெயிலுக்குக் கோடை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

எங்கெங்கே சுற்றுவது என்று கிஷன் பட்டியல் அனுப்பியிருக்கிறான். பிரிக்ஃபீல்ட்ஸ், காஜாங், போர்ட்டிக்சன். கீழே "எல்லாரும் கட்டாயம் வரணும்." எல்லாரும் என்றால் கிஷன், லோகேஸ்வரி, நான். போன வருடம் நான்கு பேர்.

மே 3, சனி

பிரிக்ஃபீல்ட்ஸ். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கிஷனுக்கு வாழையிலைச் சாப்பாடு வேண்டுமாம். கிள்ளானில் இல்லாத வாழையிலையா என்றேன். "அது சாப்பாடு, இது அவுட்டிங் லா" என்றான். வேர்த்து வழியச் சாப்பிட்டோம். அதன் பிறகு லோகேஸ்வரி ஒரு கடைக்குள் போய் முக்கால் மணி நேரம் வளையல் பார்த்தாள். வாங்கியது ஒரு பொட்டு அட்டை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "வனேசாட்ட பேசினியா?"

"இல்ல."

"அவளுக்கு நேத்தே ஷார்ட் செம் ஆரம்பிச்சிருச்சு. தெரியுமா?"

"தெரியும்."

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும். போன செமஸ்டரில் பலாக்கொட்டை பிஸ்கட் செய்யும் குழு ஆய்வு. பிஸ்கட் எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று மூன்று வாரம் லேப்பில் சோதித்து எழுதுவது வனேசாவின் பங்கு. ஒன்பது முறை வரவேண்டியவள் இரண்டு முறை வந்தாள். மீதியை நாங்கள் மூவரும் செய்தோம். முடிவில் ஒவ்வொருவரும் மற்றவர்களின் உழைப்புக்கு ஐந்துக்கு எவ்வளவு என்று ஒரு படிவத்தில் மதிப்பெண் போட வேண்டும். கிஷன் படிவத்தைப் படிக்காமலே எல்லாருக்கும் ஐந்து போட்டான். லோகேஸ்வரி படித்துவிட்டு ஐந்து போட்டாள். நான் வனேசாவுக்கு இரண்டு போட்டேன். அந்த இரண்டைப் பார்த்துத்தான் லெக்சரர் லேப் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார். வனேசா அந்தப் பாடத்தில் ஃபெயில். எல்லாரும் லீவில் இருக்க, அவள் இந்த ஷார்ட் செமில் அதைத் திரும்பப் படிக்கிறாள். யார் போட்ட இரண்டு என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவள் ஏன் லேப்புக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியிலிருந்து அவள் அப்பா சேவியர் அங்கிளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கொண்டுபோய் விட்டு, கூட உட்கார்ந்து, கூட்டி வருவது அவள்தான். அவள் அம்மா ஜோசஃபின் ஆன்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. எல்லாம் தெரிந்துதான் இரண்டு போட்டேன். படிவத்தில் ஐந்து கேள்விகள் இருந்தன. ஒன்றுகூட அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

பாலர் பள்ளி முதல் ஒன்றாக இருக்கிறோம். பதினாறு வருடம்.

மே 5, திங்கள்

வெயில். மூன்று முறை குளித்தேன்.

மே 6, செவ்வாய்

மே மாதம் மாதாவின் மாதம். எங்கள் தாமான் குடியிருப்பில் தினம் ஒரு வீட்டில் செபமாலை. கோவிலிலிருந்து வந்த மாதா சுரூபம், முழங்கை உயரச் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் செபம் முடிந்தால் மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்களே மாதாவை அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குழுத் தலைவர் வாலண்டைன் அங்கிள் இன்று பட்டியலை அனுப்பினார். எட்டாம் தேதி எங்கள் வீடு. ஒன்பதாம் தேதி ஜோசஃபின் ஆன்டி வீடு.

"எனக்கு முட்டி வலி. நீதான் கொண்டு போகணும்" என்றார் அம்மா. அம்மாவின் முட்டிக்குப் பட்டியல் பார்க்கத் தெரிகிறது.

வாலண்டைன் அங்கிளைக் கூப்பிட்டு, வீடுகளை வரிசை மாற்ற முடியுமா என்றேன். "லிஸ்ட் ஃபாதருக்குப் போயாச்சும்மா" என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதது நல்லதுதான்.

மே 8, வியாழன்

எங்கள் வீட்டில் செபமாலை. இருபத்து மூன்று பேர். பீஹூன் கோரெங், கரிபாப், சிரப் தண்ணீர். மின்விசிறியின் கீழ் உட்கார மூன்று ஆன்டிகளுக்கிடையே போட்டி.

வனேசா வரவில்லை. ஜோசஃபின் ஆன்டி வந்தார். போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "ஏம்மா வீட்டுப் பக்கமே காணோம்? நீ ரொம்ப பிசின்னு வனேசா சொன்னா" என்றார்.

அப்படியென்றால் அவள் வீட்டில் எதுவுமே சொல்லவில்லை. ஆமாம் ஆன்டி, கொஞ்சம் பிசி என்றேன். இந்த வாரம் நான் செய்த வேலை தூங்குவதும் குளிப்பதும். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். எல்லாவற்றையும். கழுவி வைத்திருந்ததையும்.

மே 9, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று காஜாங் போகும் நாள். குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வராமல் நேராக வனேசா வீட்டுக்குப் போய் ஏழேகாலுக்கு மாதாவை இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழரைக்குச் செபம். கூட்டம் வந்த பிறகு போனால் வனேசாவோடு தனியாகப் பேச வேண்டியிருக்காது. ஆகவே மாதாவைக் காரில் ஏற்றிக்கொண்டேன்.

பின் சீட்டில் வைத்தால் உருண்டுவிடும். முன் சீட்டில் வைத்தால் பெல்ட் போடு என்று கார் விடாமல் கத்துகிறது. பெல்ட் போட்டுவிட்டேன். ஸ்ரீ கெம்பாங்கானில் லோகேஸ்வரியோடு ஏறிய கிஷன், "எனக்குக் கால் நீளம், முன்னாடி குடு" என்றான். "மாதாட்ட கேளு" என்றாள் லோகேஸ்வரி. அவன் பின்னால் மடங்கி உட்கார்ந்தான்.

காஜாங்கில் காருக்குள் மாதாவை வெயிலில் விட மனம் வரவில்லை. கடைக்குள் தூக்கிப் போய் ஒரு நாற்காலியில் வைத்தேன். பரிமாறும் அண்ணன் நான்கு பேருக்குத் தட்டு வைத்தார். யாரும் திருத்தவில்லை. நாற்பது குச்சி.

திரும்பும்போது மழை. அவர்கள் இருவரையும் இறக்கிவிட்டு கெசாஸ் நெடுஞ்சாலையில் ஏறியபோது ஆறேகால். ஏழு மணிக்குப் பூச்சோங் பக்கம் வண்டிகள் நின்றுவிட்டன. ஏழரைக்கும் அங்கேயேதான். வாலண்டைன் அங்கிள் ஆறு முறை அழைத்திருந்தார். என்ன சொல்வது? மாதாவை சாத்தே சாப்பிடக் கூட்டிப் போனேன் என்றா?

வனேசாவை அழைத்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் முறை.

"எங்க இருக்கே?"

"பூச்சோங் தாண்டல. மழை, ஜாம்."

"மாதா?"

"முன் சீட்ல. பெல்ட் போட்ருக்கேன்."



"கிஷன் போட்ட படத்துல சேர்ல உக்காந்திருந்தது நம்ம மாதாவா?"

"ஆமா."

"சரி. மெதுவா வா. நான் பாத்துக்கறேன்."

எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். காலண்டர் மாதா படத்தை மேசையில் சாய்த்து வைத்துச் செபம் தொடங்கியிருந்தார்கள். வனேசாதான் முன்னின்று சொல்லிக்கொண்டிருந்தாள். செபமாலையில் ஐந்து பத்துகள்; ஒவ்வொரு பத்துக்கும் நடுவே ஒரு பாட்டு, எல்லாச் சரணங்களோடும். அந்த நேரத்துக்கு வழக்கமாக முடித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இன்று மூன்றாம் பத்தில்தான் இருந்தார்கள். வாலண்டைன் அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான்தான் அங்கிள் லேட்டா கொண்டுவரச் சொன்னேன். பூ வரல" என்றாள் வனேசா. செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லாரும் சாப்பிடும்போது நான் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டேன். அவளும் வந்தாள்.

"தேங்க்ஸ்" என்றேன்.

"உனக்காக இல்ல. அம்மா முன்னாடி எதுவும் வேணாம்னுதான்." கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ போட்ட ரெண்டு சரிதான். ரெண்டு தடவதான் வந்தேன். ஆனா போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? தினம் என் பக்கத்துலதான உக்காந்திருந்தே?"

அப்படிச் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் இல்லை என்பது நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இந்த வருடம் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். பூசை முடிந்ததும் எல்லா அம்மாக்களுக்கும் ஆளுக்கொரு பூ கொடுத்தார்கள். ஜோசஃபின் ஆன்டி பூவோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றார். தனியாக. எனக்கு இது சரியான நேரம் என்று பட்டது. எனக்குப் பட்டது!

"ஆன்டி, நான் பிசி எல்லாம் இல்ல" என்று ஆரம்பித்து, பிஸ்கட்டிலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை. மன்னிப்பும் கேட்டேன்.

ஆன்டி நான் போட்ட இரண்டைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

"அப்ப அவ ஃபெயிலா?" என்றார். "எல்லாருக்கும் இந்த ஷார்ட் செம் இருக்குன்னாளே." பிறகு, "இவரைக் கூட்டிட்டுப் போனதுனாலயா?"

அப்போதுதான் புரிந்தது, வனேசா யாரைக் காப்பாற்ற வாயை மூடியிருந்தாள் என்று. என்னை இல்லை. அங்கிளை.

ஆன்டி பூவைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். "நீ எங்க வீட்டுப் புள்ளன்னு நெனச்சேன்" என்றார்.

என்னை நானே திட்டிக்கொள்கிறேன்: எதுக்குடி வாயைத் தொறந்தே? யாரு கேட்டா உன்னை? பாவத்தச் சொல்றதுக்கு உள்ள ஃபாதர் இருந்தாருல்ல, அவருகிட்டப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே.

மே 12, திங்கள்

விசாக விடுமுறை. வனேசா அழைத்தாள்.

"அப்பா இனிமே கிளாஸ் நாள்ல நான் கூட வரக்கூடாதுன்னுட்டாரு. கிராப் டாக்சில தனியாப் போறாராம். முடிஞ்சு எழுந்திரிச்சா தலை சுத்தும் அவருக்கு. போன வாரம் ஊசி எடுத்த இடத்துல ரத்தம் நிக்கவே இல்ல. அம்மா நேத்துலேர்ந்து அழறாங்க. உண்மையச் சொன்னா உனக்கு நிம்மதி. அது யாரு தலையில விழுதுன்னு பாக்கவே மாட்டியா?"

வைத்துவிட்டாள். பதில் யோசித்தேன். பார்க்க மாட்டேன் என்பதுதான் சரியான பதில். ரொம்ப நேரம் அழுதேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் மைலோ கலக்கி வைத்துவிட்டுப் போனார்.

மே 13, செவ்வாய்

காலை ஐந்து ஐம்பதுக்கு அவர்கள் வீட்டு கேட் முன்னால் காரை நிறுத்தினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சேவியர் அங்கிள் கையில் போனை வைத்துக்கொண்டு கிராப்புக்குக் காத்திருந்தார். என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"லீவுல தூங்க வேண்டியதுதானேம்மா" என்றார்.

"தூக்கம் வரல அங்கிள்."

கிராப்பை ரத்து செய்துவிட்டு ஏறினார். முப்பது வருடம் லோரி ஓட்டியவர். போகும் வழியெல்லாம் என் ஓட்டுதலைத் திருத்தினார். மூன்றாவது சிக்னலில், "ரெண்டு போட்டியாமே?" என்றார்.

"ஆமா அங்கிள்."

"அந்த பிஸ்கட்டு எப்படி இருந்துச்சு?"

"பன்னெண்டாவது நாளே கெட்டுப்போச்சு அங்கிள்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பச்சை விழுந்திருச்சு, போ" என்றார்.

நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். முடிந்து வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இவ்வளவு லேசாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வனேசா இதை வாரம் மூன்று முறை செய்திருக்கிறாள். அதன் பிறகு வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ராத்திரி தூங்கலடி என்பாள். ஏன் போன் நோண்டுறே என்பேன் நான்.

மே 14, புதன்

வனேசாவிடமிருந்து குறுஞ்செய்தி. "அங்க குளிரும். அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ. வாசல் நாக்காலி மேல இருக்கும்." வேறு எதுவுமில்லை. பதினொரு முறை படித்தேன்.

மே 15, வியாழன்

ஸ்வெட்டர் கொண்டு போனேன். அங்கிள் போடவில்லை. பிடிவாதம்.

மே 17, சனி

கிஷனும் லோகேஸ்வரியும் போர்ட்டிக்சனில் இருக்கிறார்கள். கடல் படம் அனுப்பினார்கள். அழகாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை விடுமுறைக்குப் பதில் இன்று வனேசாவுக்கு வகுப்பு. ஆகவே இன்றும் நான். ஆறே முக்காலுக்கு அங்கிள் உள்ளே போனார். பத்து மணிவாக்கில் கதவு திறந்தது. வனேசா, காலேஜ் பையோடு. வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதாம். எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

"தள்ளி உக்காரு" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன். சுவரில் டிவி ஓடியது, சத்தமில்லாமல். ரொம்ப நேரம் அதையே பார்த்தோம்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"தெரியும்."

"எப்ப போகும்னு தெரியல."

"பரவால்ல. எனக்கு ஜூன் கடைசி வரைக்கும் லீவு."

அவள் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அங்கிளுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.