அசன நிரலும் உரிமம் இல்லாத இயங்குதளமும்

உன் மடிக்கணினியைத் திறந்தால் இன்னும் தைல வாசனை வருகிறது. மூட்டுவலிக்குத் தடவிய கையோடுதானே தட்டச்சு செய்வாய். எத்தனை துடைத்தாலும் போகவில்லை, துடைப்பதையும் விட்டுவிட்டேன்.

வளைகுடாவில் ஒரு வங்கியின் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினிப் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தோம். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் நம் ஊர் சபையின் அசன விருந்துக்கு ஒரு நிரல் எழுதினோம். எத்தனை பேர் வருவார்கள் என்று கொடுத்தால் அரிசி, தேங்காய், ஆட்டுக்கறி எவ்வளவு வேண்டும் என்று சொல்லும். மார்த்தாண்டத்தில் சமையலுக்கு நின்றவர்கள் அதை நம்பவே இல்லை. கறியை எப்போதும் கூடுதலாகத்தான் வாங்கினார்கள்.

நோய் வந்தபின் அந்த நிரல் இன்னொரு முறை ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டாய். மடிக்கணினியை மெயின்ஃபிரேமாக நடிக்க வைக்கும் எமுலேட்டர் இலவசம். அதில் ஏற்றும் இயங்குதளம்தான் சிக்கல். மிகப் பழைய பதிப்பை யாரும் ஓட்டலாம். நம் நிரலுக்கு வேண்டிய பிந்தைய பதிப்பை எமுலேட்டரில் ஓட்ட நம்மைப் போன்றவர்களுக்கு உரிமம் இல்லை. நீ அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாய், மரியாதையாக மறுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ சுற்றுக்கு விட்டிருந்த திருட்டு நகலைப் பென் டிரைவில் கொண்டுவந்தேன்.

"வேண்டாம் மக்கா. நாம எழுதினத ஒருத்தன் இப்பிடி எடுத்துட்டுப் போனா நீ சும்மா இருப்பியா?"

"ஏலே, உனக்கு நாள் கிடக்கா?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். பழைய பதிப்புக்கு ஏற்றபடி நிரலை வரிவரியாக மாற்றத் தொடங்கினாய். தேங்காய் வரை வந்தாய். அதற்குள் போய்விட்டாய்.

ஓராண்டு ஆகிறது. போன வாரம் உன் மனைவி, "அண்ணே, ஒருக்கா அத ஓட்டிக் காட்டுங்க" என்றாள். அந்த நகல் இன்னும் என்னிடம்தான் இருந்தது, ஏற்றிவிட்டால் உடனே காட்டலாம். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. உன் முகம் நினைவுக்கு வந்தது, கை வரவில்லை. தினமும் உன் வீட்டுக்குப் போய்க் கறிப் பகுதியை நானே மாற்றி எழுதினேன். நேற்று ஓடியது.

உன் மனைவி கறிக் கணக்கைப் பார்க்கவில்லை, திரையின் மேலே இருந்த தேதியைத்தான் பார்த்தாள்.

"இது எங்க கல்யாணம் கழிஞ்ச வருசம்லா?"

பழைய பதிப்புக்கு இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் பிடிபடாது. கிழமை மாறாமல் இருக்க அதன் கடிகாரத்தை நீ இருபத்தெட்டு ஆண்டு பின்னால் வைத்திருந்தாய். இதை விளக்கினேன். கேட்டுவிட்டு மடிக்கணினியை மூடி என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கொண்டு போங்க. அந்தத் தேதிய மாத்தாண்டாம்" என்றாள்.

மாற்றவில்லை. இன்று காலையிலும் திறந்து பார்த்தேன். அந்தக் கடிகாரப்படி நீ போவதற்கு இன்னும் இருபத்தேழு ஆண்டு இருக்கிறது.