கை பேசும் காட்சி

மார்ச் 4, செவ்வாய்

இந்த வாரம் எங்கள் டிவி நிகழ்ச்சியில் கலாய்க்கப்போகும் படம் முடிவாகிவிட்டது. கதாநாயகன் மனைவியை அறைந்துவிட்டு, "என் கை பேசினா உன் வாய் மூடணும்" என்கிற காட்சி. தியேட்டரில் விசில் பறக்குதாம். "நீங்களே எழுதுங்க, உங்களுக்குத்தான் நக்கல் நல்லா வரும்" என்றார் நிகழ்ச்சி இயக்குநர்.

வசனம் எனக்கு மனப்பாடம். போன வாரம் சமையலறையில் என் வீட்டுக்காரர் அதைச் சொல்லித்தான் அடித்தார். அதே மாதிரி தலையைச் சாய்த்து. இடது காதில் இன்னும் இரைச்சல்.

மார்ச் 6

எழுதிக் கொடுத்து, எடுத்தும் முடித்தாயிற்று. நாயகன் கை ஓங்குகிறான். மனைவி அந்தக் கைக்கு முன்னால் மைக்கை நீட்டுகிறாள்: "பேசச் சொல்லுங்க, கேட்போம்." கை பேசவில்லை. அவன் தன் கையிடமே கெஞ்சுகிறான். கேமராமேன் சிரித்த சிரிப்பில் ஃப்ரேம் ஆடி, மறுபடி எடுத்தோம்.

இவர் பார்த்தால்?

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரும்மா எழுதினது?"

"நான்தான் அத்தை."

இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 10

இடது கையால் எழுதுகிறேன். என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். "இனிமே எழுதுவியா? எழுதுவியா?" மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆமாம், சாத்தினான். இனி அவனுக்கு என்ன 'ர்'?

மார்ச் 11

மாவுக்கட்டு. டாக்டரிடம் வழுக்கி விழுந்தேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 15, சனி

காலையில் தட்டு பறந்தது. என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மறுபடி கை ஓங்கியபோது மகள் ஓடிவந்தாள் — ஏழு வயசு — ரிமோட்டை அவன் கைக்கு முன்னால் நீட்டினாள். "பேசச் சொல்லுங்கப்பா, கேட்போம்." விளையாட்டு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவளைத் தூக்கி வீசினான். மேஜை முனையில் நெற்றி. ரத்தம்.

மாவுக்கட்டுக் கையாலேயே அவன் மூஞ்சியில் அடிச்சேன். ஒரு தடவை இல்ல. மூக்கு நொறுங்கின சத்தம் கேட்டுது. வலி தெரியல, பயம் தெரியல. அவன் சரிந்து உட்கார்ந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுச் செருப்புகூடப் போடாம இறங்கிட்டேன்.

மார்ச் 16

அவளுக்கு ஐந்து தையல்.

புகார் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ், மகள் சொன்ன வசனம் வந்ததும் பேனாவை நிறுத்தினார். "இதை டிவியில பார்த்துச் சிரிச்சோமே..."

"நானும்தான் மேடம்."

மாமியார் போனில்: "ஒரு சிரிப்புக்காகக் குடும்பத்தையே கலைச்சிட்டியே!" போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

அந்த வீட்டில் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குளிப்பேன். அக்கா வீட்டில் இன்று குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமலே குளித்திருக்கிறேன். தலை துவட்டும்போதுதான் கவனித்தேன்.