நீங்க எந்தக் கூட்டமுங்க?

போன வாரம் அடித்த மழையில் ரேஷன் கடைச் சுவரின் சுண்ணாம்பு உரிந்து விழுந்துவிட்டது. உள்ளேயிருந்து உன் தேர்தல் சின்னம் எட்டிப் பார்க்கிறது. நீலத்தில் ஒரு பூட்டும் பாதிச் சாவியும். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தலுக்கு அதன்மேல் எத்தனையோ சின்னம் வரைந்தார்கள், வெள்ளையும் அடித்தார்கள். எல்லாம் போய் நீ மிஞ்சியிருக்கிறாய். அரிசிக்கு நின்றவள் பையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தும் இந்த ஊரை விடமாட்டேன் என்கிறாயே, உனக்கு அலுக்கவே அலுக்காதா? எனக்கு அலுத்துவிட்டது, போ.

மில்லில் நாம் இருவரும் அடுத்தடுத்த மெஷினில் நூல் சுற்றியவர்கள். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தால் சின்ன வயதிலேயே நரைத்துப்போன மாதிரி இருப்போம். மில்லை மூடியபோது கேட் முன்னால் கூட்டம் நடந்தது. ஆண்கள் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு நீ எழுந்தாய். "நீங்க சொன்னதெல்லாம் சரிதானுங்க. நாளைக்கு அடுப்புல எதை வெக்கறதுங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாய். உன் அரசியல் அங்கேதான் தொடங்கியது. மில் திறக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஒதுங்கிய நம் காலனியில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் உன் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவியை நம் சனத்துப் பெண்ணுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். தோட்டத்துக்காரர்கள் தங்கள் பண்ணையத்தில் வேலை செய்யும் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே நீ மனுப் போட்டுவிட்டாய். கட்சி இல்லாத தேர்தல். பூட்டு சாவியைக் கொடுத்தார்கள். சும்மா இருந்த என்னையும் இழுத்து வார்டு மெம்பருக்கு நிற்க வைத்தாய். இரண்டு பேரும் ஜெயித்துத் தொலைத்தோம்.

நம் பக்கத்து மரியாதையை வெளியூர்க்காரர்கள் வாய் நிறையப் பேசுவார்கள். கோயமுத்தூர்க்காரன் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவான் என்பார்கள். உண்மைதான். அந்த 'ங்க' காலனி முனையில் வந்து நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உபதலைவராக வந்தவர் ஊரிலேயே பெரிய தோட்டத்துக்காரர். நம் அப்பன் ஆத்தாள் அவரைப் 'பண்ணாடி', அதாவது எசமான் என்று கும்பிட்டவர்கள், நாமும் அப்படியே கூப்பிட்டு வளர்ந்தவர்கள். முதல் கூட்டத்தில் அவர் கிளார்க்கிடம், "அந்தப் புள்ளையக் கூப்புட்டுக் கையெழுத்து வாங்கிக்குங்க" என்றார். கிளார்க்குக்கு ஒரு 'ங்க' இருந்தது, தலைவருக்கு இல்லை. நீ கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாய். திரும்பி வரும்போதுதான் சொன்னாய்.

"அந்தியூர்ச் சந்தையில வாங்கியாந்த காளைக்குக்கூட 'தண்ணி குடிங்க ராசா'ங்கறாரு. எனக்கொண்ணு சொன்னா கொறஞ்சா போயிருவாரு?"

அன்றோடு பண்ணாடி என்ற சொல்லை விட்டாய். மரியாதைக்குக் குறைவில்லாமல், 'உபதலைவருங்க' என்றே கூப்பிட்டாய். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

காலனிக்குக் குடிதண்ணீர்க் குழாய். ஓட்டுக் கேட்டபோது நீ கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதியும் வாங்கிவிட்டாய். செக்கில் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். அவருடையது வரவில்லை. காலையில் போனால் தோட்டத்தில் வேலை, சாயங்காலம் போனால் "நாளைக்கு வா". கோடையும் வந்துவிட்டது. தோட்டத்துக் கிணற்றடியில் யாராவது மனமிரங்கி ஊற்றுவார்களா என்று குடத்தோடு நின்ற நம் பெண்களே உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒருக்கா பண்ணாடின்னு சொன்னா வாயா தேஞ்சு போகும்? சொல்லிப்போட்டுக் கையெழுத்த வாங்கியாயேன்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாய். அந்தக் கோடையில் நீ இளைத்துப்போனாய்.

ஒரு நாள் யூனியன் கூட்டம் முடிந்து சூலூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் கார் நின்றது. அவர் மகளைப் பெண் பார்க்கத் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். இன்னொரு நாள் வரலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ கேட்டருகில் நின்று குரல் கொடுத்தாய்.

"ஏனுங்க உபதலைவருங்க, பஞ்சாயத்துத் தலைவர் வந்திருக்கறனுங்க."

மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். நீ கஞ்சி போட்ட சேலையில், கையில் ஃபைலோடு நின்றாய். திருப்பூர்க்காரருக்கு நாம் யாரென்று எப்படித் தெரியும்? "ஏனுங்க, தலைவரம்மாவ வாசல்லயே நிக்க வெச்சுப்போட்டீங்களே, உள்ள கூப்புடுங்க" என்றார். சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் உபதலைவர் என்ன செய்வார்? நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க தலைவரே. உக்காருங்க."

காபி வந்தது, அவர்கள் குடித்த அதே எவர்சில்வர் டம்ளரில். நான் பாதியைச் சேலைமேல் கொட்டிக்கொண்டேன். நீ நிதானமாகக் குடித்துக்கொண்டே செக்கை நீட்டினாய். உபதலைவர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்த முகமாக உன்னைக் கேட்டார்.

"அம்மணி, நீங்க எந்தக் கூட்டமுங்க?"

கூட்டம் என்றால் அவர்களுக்குள் குலம். உன்னைத் தங்கள் சாதிக்காரி என்றே முடிவு செய்துவிட்டார். உபதலைவரின் பேனா செக்குக்கு மேலே அப்படியே நின்றது. அவர் உன்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகக் கெஞ்சல் இருந்தது. நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"தண்ணிக்கு நிக்கற கூட்டமுங்க" என்றாய்.

வேடிக்கையாகப் பேசுகிறாய் என்று அந்த அம்மாள் சிரித்தார். உபதலைவர் மளமளவென்று கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

தென்னந்தோப்பைத் தாண்டியதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீ சிரிக்கவில்லை. மைல்கல்மேல் உட்கார்ந்துவிட்டாய்.

"அந்த 'ங்க' எனக்கில்ல புள்ளே. அவிய நெனச்சுக்கிட்ட வேற எவளுக்கோ சொன்னது."

"யாருக்குச் சொன்னா என்ன? தண்ணி வருதல்ல?"

"வரும். காலனின்னு சொல்லியிருந்தா வந்திருக்காது."

நான் கைகொடுத்து உன்னை எழுப்பினேன்.

குழாய் திறந்த அன்று காலனியே திருவிழாவாக இருந்தது. நீ காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாய். எழுந்து வந்ததும் புதுச் சட்டம் போட்டாய். "அவிய சொல்லாட்டிப் போகுது, நாம நமக்குச் சொல்லிக்குவோம்." மூக்கொழுகிக்கொண்டு வரும் பொடியனிடமும் "சாப்பிட்டீங்களா கண்ணு" என்பாய். முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவன் பெண்டாட்டியிடம் "சோறு போடுங்க மகாராணி" என்று கும்பிட்டான். பிறகு மெல்லமெல்லப் பழகிவிட்டது. நானும் ஒரு நாள், "வாங்க தலைவரே" என்றேன். உனக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே.

"நீயும் அப்படிச் சொல்லிப்போட்டா நான் யாரு ஊட்டுல போயிக் கால நீட்டி உக்கார்றது?"

அடுத்த தேர்தலில் தோட்டத்துக்காரர்கள் தாமதிக்கவில்லை. பண்ணாடி என்று கூப்பிடத் தெரிந்த ஒருத்தியைக் காலனியிலிருந்தே நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். நீ தறிக்கூடத்துக்கு நூல் தார் சுற்றப் போனாய். "இனித் தூங்கலாம் புள்ளே" என்றாய். ஆனால் மில் பஞ்சு நெஞ்சில் தங்கியிருந்தது, இருமல் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய். நீ தூங்கி நான் பார்த்தது அந்தப் பஸ்ஸில்தான்.

நீ போன அன்று ஊர்ப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "நல்ல மனுசிங்க, போயிட்டாங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வயதாகித் தளர்ந்திருந்த உபதலைவரும் காலனி முனைவரை வந்து நின்று அதையே சொன்னார். அது உனக்குச் சொன்னதுதான். கேட்கத்தான் நீ இல்லை. நான் ஒருத்திதான் "போயிட்டா" என்று அழுதேன்.

நேற்றுக் குழாயடியில் ஒரு சின்னப் பையன் தன் குடத்தை நகர்த்திக்கொண்டு, "நீங்க மொதல்ல புடிங்க பெரியம்மா" என்றான். காலனிப் பிள்ளைகள் எல்லாம் இப்போது இப்படித்தான். யூனியன் ஆபீசில்கூட, "உக்காருங்கம்மா" என்கிறார்கள். நீ கேட்ட 'ங்க' எல்லாம் எனக்கு வந்து சேர்கிறது. ரேஷன் கடை வரிசையில் உன் சின்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் பின்னால் இருந்தவர்கள், "ஏனுங்க, தள்ளிப் போங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

'ஏ புள்ளே' என்று கூப்பிடத்தான் ஆளில்லை.